கூட்டு முயற்சி எதை விரைவாக்கியது? பிரிட்டனின் மூளைப் புற்றுநோய்த் திட்டம்: ஒரு திறனாய்வு

2018 ஜனவரி 25 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் டெஸ்ஸா ஜோவெல் பேச எழுந்தார். டோனி பிளேர் அமைச்சரவையில் பண்பாட்டுத் துறையைக் கவனித்தவர், 2012 ஒலிம்பிக்கை லண்டனுக்குக் கொண்டுவருவதில் முன்னின்றவர். மூளைப் புற்றுநோய்களில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமா தமக்கு இருப்பதை எட்டு மாதங்களுக்கு முன்புதான் அறிந்திருந்தார். மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் நாடுகளும் தங்கள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் காலம் கடத்தாமல் ஒரே ஆய்வில் பலவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதே அவர் வைத்த வேண்டுகோள். கைதட்டும் மரபில்லாத அந்தச் சபை எழுந்து நின்று கைதட்டியது. மே 12 அன்று அவர் காலமானார். சில நாட்களுக்குள், பிப்ரவரியில் அறிவித்திருந்த 2 கோடி பவுண்டு ஆராய்ச்சி நிதியை அரசு 4 கோடியாக உயர்த்தியது. கேன்சர் ரிசர்ச் யுகே என்ற தொண்டு நிறுவனம் 2.5 கோடி தர முன்வந்திருந்தது. அவர் பெயரிலேயே டெஸ்ஸா ஜோவெல் மூளைப் புற்றுநோய்த் திட்டம் உருவானது. அரசு, தேசிய சுகாதாரச் சேவை, பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், நோயாளிகள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவது அதன் அடிப்படை ஏற்பாடு.

ஒரு தேசமே கைகோத்தால் ஆராய்ச்சி வேகம் பெறும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே அந்த நம்பிக்கையை இங்கே வைத்தே எடை போடலாம். மூன்று கேள்விகள் போதும். ஏற்கெனவே தெரிந்த நல்ல சிகிச்சை எல்லா நோயாளிக்கும் போய்ச் சேர்ந்ததா? புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் நோயாளிகள் எளிதாகச் சேர முடிந்ததா? ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு எண்ணம் நோயாளியின் படுக்கைவரை வரும் பாதை குறுகியதா? மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கவில்லை. அந்த வேறுபாட்டில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். கிளியோபிளாஸ்டோமாவுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் சிகிச்சைமுறை 2005இல் நிலைபெற்றது. ரோஜர் ஸ்டுப் தலைமையில் 85 மையங்கள் சேர்ந்து 573 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதமாக இருந்தது. கூடவே டெமோசோலோமைடு மாத்திரை எடுத்தவர்களுக்கு அது 14.6 மாதம். இரண்டரை மாத நீட்டிப்பு. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக உயர்ந்ததும் பெரிய செய்திதான். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளில் எத்தனையோ மருந்துகள் சோதிக்கப்பட்டன. பெரும்பாலானவை தோற்றன. பெருத்த எதிர்பார்ப்போடு வந்த பெவசிஸுமாப், 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் புதிதாக நோய் கண்டவர்களின் ஆயுளை நீட்டவில்லை.

காரணங்கள் வலுவானவை. இந்தக் கட்டிக்குத் தெளிவான எல்லை கிடையாது. அதன் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் நூல் நூலாக ஊடுருவி நிற்கும். எவ்வளவு திறமையான அறுவை நிபுணராலும் கடைசிச் செல்வரை எடுக்க முடியாது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. ஒரே கட்டியின் இரண்டு மூலைகளில் இரண்டு வகை மரபணு மாற்றங்கள் இருக்கும். ஒன்றை அடக்கும் மருந்துக்கு மற்றது அசையாது. இவற்றோடு, நோய் அரிதானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கே வருகிறது. மரபணு வகைப்படி அவர்களைப் பிரித்தால் எந்த ஒரு மருத்துவமனையிடமும் ஆய்வுக்குப் போதுமான எண்ணிக்கை இருக்காது. கூட்டு முயற்சி இங்கே கட்டாயத் தேவையாவது இந்தக் கடைசிக் காரணத்தால்தான்.

கூட்டு முயற்சியை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சுட்டும் வெற்றி, குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய். 1960களில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாக இருந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து, ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஏதாவது ஒரு ஆய்வில் சேர்த்து, ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் அடுத்த ஆய்வின் தொடக்கமாக்கியதால் கிடைத்த பலன் அது. ஆனால் இந்த வெற்றியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வின்கிரிஸ்டின், மீத்தோட்ரெக்சேட், ஆஸ்பராஜினேஸ், ஸ்டீராய்டுகள் என்று அந்த நோயைத் தாக்கவல்ல மருந்துகள் அந்தக் காலத்திலேயே கையில் இருந்தன. எதை எதோடு சேர்ப்பது, எவ்வளவு நாள் கொடுப்பது, யாருக்குக் குறைப்பது என்பதைத்தான் கூட்டு ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் கண்டறிந்தன. வேலை செய்யும் மருந்தைக் கூட்டு முயற்சி கூர்மையாக்கும். மருந்தே இல்லாத இடத்தில் அதனால் என்ன செய்ய முடியும் என்பதே மூளைப் புற்றுநோயில் நம் முன் நிற்கும் கேள்வி.

முதல் கேள்விக்கு பிரிட்டனின் விடை நன்றாகவே இருக்கிறது. இளஞ்சிவப்பு ஒளிர்வு அறுவை அதற்குச் சான்று. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி 5-ஏஎல்ஏ என்ற கரைசலைக் குடிக்கிறார். கட்டியின் செல்கள் அதை உள்வாங்கி ஒளிரும் வேதிப்பொருளாக மாற்றிக்கொள்கின்றன. மண்டை ஓட்டைத் திறந்தபின் நுண்ணோக்கியின் வெள்ளை விளக்கில் பார்த்தால் நல்ல திசுவும் கட்டியின் விளிம்பும் ஒரே சாயலில் தெரியும். விளக்கை நீல ஒளிக்கு மாற்றியதும் நல்ல மூளை கருநீலத்தில் அடங்கிவிடும். கட்டி மட்டும் இளஞ்சிவப்பாய்ச் சுடர்விடும். ஜெர்மனியில் வால்டர் ஸ்டுமர் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் படத்தில் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது வெள்ளை ஒளியில் 36 சதவீத நோயாளிகளிடம். இந்த ஒளியில் 65 சதவீதத்தினரிடம். ஆறு மாதம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 21 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாக உயர்ந்தனர். மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு அந்த ஆய்வில் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சான்று 2006இலேயே கையில் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கிலாந்தில் இது கிடைப்பது நோயாளி எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்திருந்தது. 2018இல் தேசிய வழிகாட்டு நெறி இதைப் பரிந்துரைத்தது. 2019இல் ஜோவெலின் நினைவாக எல்லா நரம்பு அறுவை மையங்களுக்கும் விரிவுபடுத்துவதாக அரசு அறிவித்தது. ஜோவெல் திட்டம் மருத்துவமனைகளை ஆய்ந்து, தகுதி பெற்றவற்றுக்குச் சிறப்பு மையம் என்ற அங்கீகாரம் தரும் முறையையும் கொண்டுவந்தது. 2021இல் முதல் ஒன்பது மையங்கள் அதைப் பெற்றன. அங்கீகாரம் கிடைக்காத மருத்துவமனைக்கு எங்கே குறை என்று சொல்லித் திருத்தவும் உதவுகிறார்கள். இது புதிய அறிவைத் தரவில்லை. ஏற்கெனவே இருந்த அறிவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இதுவும் முன்னேற்றமே. மையத்திலிருந்து ஒரு தரத்தை நிர்ணயித்து நாடெங்கும் நடைமுறைப்படுத்தத் தேசியக் கூட்டமைப்பு பொருத்தமான கருவி என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் கேள்வி, ஆய்வுகளில் சேரும் வாய்ப்பு. ஜோவெல் கேட்ட, ஒரே ஆய்வில் பல மருந்துகளைச் சோதிக்கும் தகவமைவு ஆய்வுமுறையின் வலிமையை பிரிட்டனே உலகுக்குக் காட்டியது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ரிகவரி ஆய்வைச் சில நாட்களில் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லாப் பொது மருத்துவமனைகளும் சேர்ந்தன. ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் பற்றிய முடிவு வந்தது: செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடையே இறப்பை அந்த மலிவான மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இதையே மூளைப் புற்றுநோயில் செய்யலாமே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிகவரியிடம் ஆயிரக்கணக்கான நோயாளிகள் இருந்தார்கள். விடை 28 நாளில் தெரிந்தது. சோதித்த மருந்துகள் பல, கடைகளில் ஏற்கெனவே இருந்தவை. மூளைப் புற்றுநோயில் இந்த மூன்றும் இல்லை.

அமெரிக்காவில் 2019இல் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் விரிந்த ஜிபிஎம் அஜைல் ஆய்வின் அனுபவம் இதை உறுதிப்படுத்துகிறது. ஒரே ஒப்பீட்டுக் குழுவை வைத்துக்கொண்டு பல மருந்துகளை வரிசையாக உள்ளே கொண்டுவரும் ஏற்பாடு அது. ரெகோராஃபெனிப், பாக்ஸாலிசிப், வால்-083 மூன்றும் உள்ளே வந்தன. மூன்றுமே ஆயுளை நீட்டவில்லை. இதைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. பழைய முறையில் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி ஆய்வு, தனித்தனி ஒப்பீட்டுக் குழு, தனித்தனி ஆண்டுகள் செலவாகியிருக்கும். பயனற்ற மருந்தைக் குறைந்த நோயாளிகளிடம் விரைவாகக் கண்டு விலக்குவது, ஓராண்டே மிச்சமிருக்கும் ஒருவருக்குச் செய்யும் பெரிய நன்மை. ஆனாலும் வேகமாகச் சலிக்கும் சல்லடையில் போடுவதற்கு நல்ல மணி வேண்டும் என்ற உண்மையை அந்த மூன்று முடிவுகளும் சொல்கின்றன. ஒரு நாட்டின் நோயாளி எண்ணிக்கை இத்தகைய ஆய்வுக்குப் போதாது என்பதையும் அது காட்டியது. தேசியக் கூட்டமைப்பு தன் எல்லைக்குள் நின்றுவிடாமல், உலக ஆய்வுகள் நுழைவதற்கான ஆயத்தமான வாசலாக இருந்தாக வேண்டும்.

அந்த ஆயத்தம் எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு அறுவை அரங்கில் பார்க்கலாம். கட்டி வெளியே வந்ததும் அதன் துண்டுகள் வழக்கப்படி ஃபார்மலினில் போடப்படும். பிறகு பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு மெல்லிய சீவல்களாக வெட்டப்படும். நோயைப் பெயரிட இது போதும். ஆனால் ஃபார்மலின் மரபணுச் சரங்களைச் சிதைக்கிறது. முழு மரபணு வரிசையைப் படிக்கவோ, நோயாளியின் கட்டியிலிருந்தே அவருக்கென்று தடுப்பூசி செய்யவோ, திசுவை உடனே உறையவைத்திருக்க வேண்டும். அதற்கு அறுவை அரங்குக்குப் பக்கத்தில் உறைபதனப் பெட்டி வேண்டும். மாதிரியை ஓடிப்போய் வாங்க ஓர் ஊழியர் வேண்டும், நோயாளியின் ஒப்புதல் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு அறுவை முடிந்தாலும் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஆள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த நோயாளிக்குச் சில ஆய்வுகளின் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. கட்டி மறுபடி கிடைக்காது. வேல்ஸில் இளம் வயதில் இறந்த ஒரு நோயாளியின் குடும்பம், திசுவை உறையவைப்பதைக் கட்டாயமாக்கக் கோரிப் போராடிவருவது இதனால்தான்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கொலின் வாட்ஸ் தலைமையில் தொடங்கிய பிரெயின் மேட்ரிக்ஸ் ஆய்வு இந்தக் குறையைக் குறிவைத்தது. மூளைக் கட்டி நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரின் திசுவை மரபணு அளவில் விரைவாகப் படித்து, பொருத்தமான மருந்தாய்வுக்கு அவர்களை அனுப்பும் பாதையை நாடெங்கும் அமைப்பது நோக்கம். அதற்கான 28 லட்சம் பவுண்டைத் தந்தது பிரெயின் ட்யூமர் சாரிட்டி என்ற தொண்டு நிறுவனம். ஒரு தேசத்துக்குத் தேவையான அடிப்படைக் கட்டமைப்பு மக்களின் நன்கொடையில் நிற்க, அரசு அறிவித்த 4 கோடி எங்கே போனது என்பது இங்கே தவிர்க்க முடியாத அடுத்த கேள்வி.

மூன்றாம் கேள்வியான, ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளிவரை வரும் பாதையும் அந்த நிதியோடு பிணைந்தது. நிதியின் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 26 வயதில் மூளைக் கட்டியால் இறந்த ஓர் இளைஞரின் குடும்பம் ஆராய்ச்சி நிதி கோரித் தொடங்கிய மனுவில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கையெழுத்திட்டனர். நாடாளுமன்ற மனுக்கள் குழு 2016 மார்ச்சில் தன் முதல் அறிக்கையை இதைப் பற்றியே வெளியிட்டது. பிரிட்டனில் 40 வயதுக்குட்பட்டவர்களை மற்ற எந்தப் புற்றுநோயையும்விட அதிகமாகக் கொல்வது மூளைக் கட்டி. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான தேசியச் செலவில் 2002 முதல் ஏறக்குறைய ஒரு சதவீதமே அதற்குக் கிடைத்தது என்பது பிரெயின் ட்யூமர் ரிசர்ச் அமைப்பு தொடர்ந்து எடுத்துவைக்கும் கணக்கு. 2018 அறிவிப்பு இந்தப் போராட்டத்தின் விளைவு. ஆனால் ஐந்து ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், டெரெக் தாமஸ் தலைமையிலான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு கணக்குப் பார்த்தபோது 4 கோடியில் சுமார் 1.5 கோடிதான் ஆய்வாளர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பாதிகூட இல்லை.

அரசுத் தரப்பின் விளக்கம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. நிதி வழங்கும் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளிடம் நேரடியாகப் பயன்படுத்தும் நிலைக்கு வந்த ஆய்வுகளுக்குப் பணம் தருவதற்காக அமைந்தது. அத்தகைய விண்ணப்பங்கள் குறைவாக வந்தன. வந்தவற்றில் பல தரத் தேர்வில் நிற்கவில்லை. இரக்கத்துக்காக மோசமான ஆய்வுக்குப் பணம் கொடுத்தால் அது நோயாளிகளின் நேரத்தையும் வீணாக்கும். தர அளவுகோலைத் தளர்த்த மறுத்தது சரியே.

ஆய்வாளர்களின் பதிலும் அதே அளவு வலுவானது. நோயாளியிடம் சோதிக்கத் தக்க ஆய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. முதலில் செல் வளர்ப்பில், பிறகு எலியில், பிறகு நச்சுத்தன்மைச் சோதனையில் ஆண்டுக்கணக்காக உழைத்தபின்தான் அந்த நிலை வரும். ஆரம்பக் கட்டத்துக்கு மருத்துவ ஆராய்ச்சி மன்றம், கடைசிக் கட்டத்துக்கு சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், நடுவில் கிடக்கும் நீண்ட தூரத்துக்குப் பொறுப்பாளர் யாருமில்லை. நாற்றங்கால் போடாமல் அறுவடைக்கு ஆள் அனுப்பிவிட்டு, விளைச்சல் இல்லை என்று குறைபட்டால் அது நிலத்தின் குற்றமாகாது. அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கையும் இதைத்தான் சொன்னது: அமைப்புகள் தனித்தனி அறைகளில் இயங்குகின்றன, பாதை நெடுகத் தொடர்ச்சி இல்லை. கூட்டு முயற்சி என்று பெயரிட்ட திட்டத்தில் பணம் தருபவர்களே கூட்டாக இயங்கவில்லை. என் பார்வையில் இதுவே முழுக் கதையின் மையக் குறை.

பாதை நெடுகத் தொடர்ச்சி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டனுக்கு வெளியே போக வேண்டியதில்லை. இன்றுவரை நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் டெமோசோலோமைடு பிறந்ததே பர்மிங்காமில். ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளரின் குழு 1980களில் அதை உருவாக்கியது. அது உடனே பயன்படும் என்று அப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. கேன்சர் ரிசர்ச் கேம்பெயின் அதை எடுத்துச் சென்றது. லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் எட்வர்ட் நியூலாண்ட்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார். பிறகு மருந்து நிறுவனம் உரிமை வாங்கியது. 1999இல் அங்கீகாரம் கிடைத்தது. 2005இல் பன்னாட்டு ஆய்வு அதன் இடத்தை நிலைநாட்டியது. வேதியியலாளர், தொண்டு நிறுவனம், மருத்துவர், மருந்து நிறுவனம், பல நாட்டு மருத்துவமனைகள் என்று ஒரு கை விடும் இடத்தில் மறு கை பிடித்திருந்தது. எந்த மேடையிலும் அறிவிக்கப்படாத அந்தக் கூட்டு முயற்சி ஒரு மருந்தைத் தந்தது. அறிவிக்கப்பட்ட கூட்டு முயற்சி இன்னும் தரவில்லை. காலத்தை ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஸ்டீவன்ஸின் மருந்துக்கும் இருபது ஆண்டு ஆனது. ஆனால் அந்தச் சங்கிலியின் கண்ணிகள் எவை என்று பார்ப்பது நியாயம்; இன்று அறுந்திருப்பது நடுக்கண்ணி.

ஆஸ்திரேலியாவின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2017 அக்டோபரில் அங்கே ஆஸ்திரேலிய மூளைப் புற்றுநோய் இயக்கம் 10 கோடி டாலருடன் தொடங்கியது. அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பணம் போட்டன. பத்தாண்டில் பிழைப்போர் விகிதத்தை இரட்டிப்பாக்குவோம் என்று எண்ணிலேயே இலக்கு வைத்தார்கள். பல பத்தாண்டுகளாக ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் இருபது சதவீதத்தை ஒட்டியே நின்ற நாட்டில் அது துணிச்சலான வாக்கு. அறிவியலாக அது எட்ட முடியாத இலக்காகவே எனக்குப் படுகிறது. கண்டுபிடிப்பு காலக்கெடுவுக்குக் கட்டுப்படாது. பொறுப்புக்கூறலாக அதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பத்தாண்டு முடிவில் அந்த எண்ணைக் காட்டிக் கணக்குக் கேட்கலாம். பிரிட்டன் கொட்டை எழுத்தில் முன்னிறுத்தியது பணத்தொகையை. தொகையை இலக்காக்கினால் அறிவித்த அன்றே வெற்றி அடைந்தது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது.

தடை பணமும் நிர்வாகமும் அல்ல, உயிரியல்தான்; இன்னும் கூட்டங்கள் நடத்தி என்ன பயன் என்று மறுப்பவர்களும் உண்டு. பாதி உண்மை. மூளையின் தற்காப்புச் சுவரைக் கடக்கும் மருந்தைக் குழுக் கூட்டம் கண்டுபிடிக்காது. ஆனால் குறைந்த வேகத்தில் வளரும், ஐடிஎச் மரபணு மாற்றமுள்ள கிளியோமா என்ற மூளைக் கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மருந்து 2023இல் நல்ல முடிவைத் தந்ததே, அது எப்படி வந்தது? அந்த மரபணு மாற்றம் 2008இல் கட்டித் திசுக்களைப் பெருமளவில் வரிசைப்படுத்தியபோது கண்ணில் பட்டது. அதைத் தாக்கும் மருந்தைத் தேடிச் செய்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீண்டது. உறையவைத்த திசுவும் பகிர்ந்த தரவும் கிடைக்காவிட்டால் உயிரியலாளருக்கு ஆரம்பப் புள்ளியே கிடைக்காது. உயிரியல் தடையை உடைக்கும் கருவிகளைச் சேகரித்துத் தருவதும் கூட்டமைப்பின் வேலைதான்.

என் முடிவு இது. தேசியக் கூட்டு முயற்சி தேவையானது. பிரிட்டனில் அது நல்ல சிகிச்சையைப் பரவலாக்கியதில் தேறியது. ஆய்வுகளின் வாசலைத் திறப்பதில் பாதிவழி வந்தது. கண்டுபிடிப்பை விரைவாக்குவதில் தவறியது. தவறியதற்கு முதற்காரணம், பணத்தை அறிவித்தவர்கள் பாதையை அமைக்காதது. 2024இல் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் மூளைக் கட்டிக்கென்று தேசிய ஆராய்ச்சிக் கூட்டமைப்பை அமைக்க முன்வந்தது, குறையை அவர்களே உணர்ந்ததன் அடையாளம். வரவேற்கிறேன். ஆனால் அதையும் தொகையால் எடை போட வேண்டாம்.

இத்தகைய திட்டத்தை நடத்தும் எந்த நாடும் ஆண்டுதோறும் நான்கு எண்களை மக்கள் முன் வைக்க வேண்டும்: அறிவித்த நிதியில் ஆய்வாளர் கைக்கு வந்தது எவ்வளவு, அறுவை நடந்தவர்களில் எத்தனை பேரின் திசு உறையவைக்கப்பட்டது, எத்தனை நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள், ஆய்வுக்கூடத்திலிருந்து எத்தனை மருந்துகள் முதல் மனிதச் சோதனைக்கு வந்தன. நான்கும் ஏறினால் கூட்டு முயற்சி நடக்கிறது. ஏறாவிட்டால் நடப்பது கூட்டம் மட்டுமே. சில மாதங்களே மிச்சமிருக்கும் நோயாளிகளின் பெயரால் திரட்டிய பணத்துக்கு அந்தக் கணக்கைக் கொடுப்பது அரசின் கடமை. கேட்பது குடிமக்களின் உரிமை.